ஊர்ப் பையன் கிளம்பியபோது கிளீவ்லேண்டுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

கேள்வி கேட்டவர் ஒரு பழைய வீடியோவைப் பார்த்திருக்கிறார். 2010-இல் அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் அணியை விட்டு மயாமி அணிக்குப் போனபோது ரசிகர்கள் அவருடைய ஜெர்சியைத் தெருவில் போட்டுக் கொளுத்திய வீடியோ அது. "ஒப்பந்தம் முடிந்தது, வேறு இடத்தில் சேர்ந்தார், இதில் துரோகம் எங்கே வந்தது? அதே ஆட்கள் நாலு வருஷம் கழித்து அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்களே, அப்படியானால் அந்தக் கோபம் பொய்தானே?" என்று கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் ரசிகர்களுக்கு மூளை இருக்கிறதா என்ற கேள்வி. உள்ளே இருக்கும் கேள்வி வேறு: ஓர் ஊர் தன் ஆட்டக்காரன் மேல் எந்த அளவுக்கு உரிமை கொண்டாடலாம்? அந்தக் கோபம் உண்மையில் எதன் மேல் வந்தது? நான் விளையாட்டு உளவியல் படித்தவன், பல வருடங்களாக அதைக் கற்பித்து வருகிறேன். ரசிகர் மனநிலை பற்றிய வகுப்பில் இந்தச் சம்பவத்தை எடுக்காத வருடமே கிடையாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் போனதற்காக வந்த கோபம் அதில் சிறு பங்குதான். போன விதம், போன நேரம், போனவர் அந்த மண்ணின் பையன் என்பது, இந்த மூன்றும் சேர்ந்துதான் அதை அவ்வளவு பெரிதாக்கின.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். லெப்ரான் 1984 டிசம்பர் 30 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பிறந்தார். கிளீவ்லேண்டிலிருந்து தெற்கே சுமார் அறுபது கிலோமீட்டர் தூரம். பள்ளியில் படிக்கும்போதே நாடு முழுக்கப் பெயர் தெரிந்த பையன். அப்போது கேவலியர்ஸ் மிக மோசமான அணி. 2002-03 பருவத்தில் 82 ஆட்டங்களில் 17-இல் மட்டுமே ஜெயித்தது. என்பிஏ என்ற அந்தக் கூடைப்பந்து லீக்கில் புதிதாக வரும் ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணியில் போய்ச் சேர முடியாது. டிராஃப்ட் என்ற முறையில் அணிகள்தான் வரிசைப்படி ஆட்களை எடுத்துக்கொள்ளும், வரிசையின் முன்னிடங்கள் குலுக்கலில் முடிவாகும். 2003-இல் அந்தக் குலுக்கலின் முதல் இடம் கிளீவ்லேண்டுக்கு விழுந்தது. பக்கத்து ஊர்ப் பையன், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் என்று எல்லோரும் எதிர்பார்த்தவன், லீக்கின் 29 அணிகளில் இந்த அணிக்கே வந்து சேர்ந்தான். அங்குள்ளவர்கள் அதைக் கடவுள் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஏழு பருவங்கள் ஆடினார். 2007-இல் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார், அங்கே சான் அன்டோனியோவிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். 2009-இல் 66 வெற்றி, 2010-இல் 61 வெற்றி, இரண்டு வருடமும் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. கோப்பை மட்டும் வரவில்லை. 2010 மே மாதம் பாஸ்டனுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், சொந்த அரங்கில், 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். லெப்ரான் எடுத்தது 15 புள்ளி. அடுத்த ஆட்டத்தோடு அந்தப் பருவம் முடிந்தது, அந்தக் கோடையில் அவர் ஒப்பந்தத்திலிருந்தும் விடுபட்டார்.

அடுத்து ஜூலை 8. அன்று இரவு ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் 75 நிமிட நேரலை நிகழ்ச்சி. நடந்த இடம் கிளீவ்லேண்டும் இல்லை, ஆக்ரனும் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் ஒரு சிறுவர் மன்றம். நிகழ்ச்சி தொடங்கி ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் மயாமிக்குப் போவதாகச் சொன்னார். சுமார் ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். விளம்பர வருமானம் அறக்கொடைக்குப் போனது, சிறுவர் மன்றங்களுக்கு மட்டும் இருபது லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் கிளீவ்லேண்டில் மதுக்கடையிலும் வீட்டு வரவேற்பறையிலும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அறக்கொடை கண்ணில் படவில்லை. தங்களை வேண்டாம் என்று சொல்லப்போகும் ஒரு செய்தியை, நாடே பார்க்க, விளம்பர இடைவேளை விட்டு இழுத்தடித்துச் சொன்னதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். மறுநாள் மயாமியில் மேடை, புகை, விளக்கு என்று வரவேற்பு விழா. எத்தனை கோப்பை என்று கேட்டதற்கு, ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்றல்ல என்று அவர் எண்ணிக்கொண்டே போனார். கிளீவ்லேண்ட் நகர மையத்தில் ஒரு கட்டடச் சுவர் முழுக்கத் தொங்கிய அவருடைய பத்து மாடி உயர விளம்பரத் துணி அந்த வாரமே இறக்கப்பட்டது.

ஒருவருக்கு ஒரு கெட்ட செய்தியைச் சொல்லும்போது, செய்தி எவ்வளவு வலிக்கிறதோ அதே அளவுக்கு, சில நேரம் அதைவிட அதிகமாக, சொல்லப்பட்ட விதம் வலிக்கும். உளவியலில் நடைமுறை நியாயம் பற்றி நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு இது. முடிவு தனக்குப் பாதகமாக இருந்தாலும், தன்னை மதித்து நடத்தினார்கள் என்று தோன்றினால் மனிதர்கள் அதை ஓரளவு ஏற்றுக்கொள்கிறார்கள். அணி நிர்வாகத்துக்கே நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான் தகவல் போனது என்று அப்போது பரவலாக எழுதினார்கள். ரசிகனுக்கு யார் சொல்வது? லெப்ரானே பின்னாளில் அந்த நிகழ்ச்சியை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

இனி நேரம். கிளீவ்லேண்ட் யார் என்று தெரியாமல் இந்தக் கோபம் புரியாது. 1950-இல் அந்த நகரத்தின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்கும் மேல். 2010 கணக்கெடுப்பில் நாலு லட்சத்துக்கும் கீழே. எஃகு ஆலைகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட, பிள்ளைகள் படித்துவிட்டு வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். 2007, 2008-இல் கடன் கட்ட முடியாமல் வீடுகள் ஜப்தியான நெருக்கடி வந்தபோது அமெரிக்காவில் மிக மோசமாக அடிபட்ட நகரங்களில் இதுவும் ஒன்று. ஆக்ரன் கதையும் அதேதான். உலகத்துக்கே டயர் செய்து கொடுத்த ஊர், அந்தக் கம்பெனிகளில் பெரும்பாலானவை கிளம்பிவிட்டன. விளையாட்டிலாவது ஆறுதல் உண்டா என்றால் அதுவும் இல்லை. 1964-இல் பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி வென்ற பட்டத்துக்குப் பிறகு நகரத்தின் எந்தப் பெரிய அணிக்கும் பட்டம் கிடையாது. 1989-இல் மைக்கேல் ஜோர்டான் கடைசி நொடியில் போட்ட கூடையில் கேவலியர்ஸ் வெளியேறியது. 1997-இல் பேஸ்பால் அணி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கூடுதல் இன்னிங்ஸில் தோற்றது. எல்லாவற்றையும்விடப் பெரிய காயம் 1995-இல் ஏற்பட்டது. பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் ஆர்ட் மொடெல் அணியையே பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். அங்கே போய் ஐந்தாவது பருவத்திலேயே அந்த அணி அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. இங்கே கிடைக்காத கோப்பை இங்கிருந்து போனவர்களுக்குக் கிடைக்கும் என்ற பயம் அந்த ஊருக்கு ஏற்கெனவே இருந்தது. 2010-இல் மயாமி மேடையைப் பார்த்தபோது அவர்களுக்கு நினைவு வந்தது இதெல்லாம்தான்.

ஊர்ப் பையன் என்பது இதில்தான் வந்து சேர்கிறது. வெளியூரிலிருந்து வந்த நட்சத்திரம் கிளம்பினால், அவருக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை, சரி என்று விட்டுவிடலாம். இங்கேயே பிறந்து, இங்கேயே கஷ்டப்பட்டு வளர்ந்தவன் கிளம்பினால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. இந்த ஊரை உள்ளும் புறமும் தெரிந்தவனே இது வேண்டாம் என்கிறான். கிளம்ப முடிந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், முடியாதவர்கள்தான் மிச்சம் இருப்போம் என்று அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பயந்துகொண்டிருந்ததை, தொலைக்காட்சியில் வந்து உறுதி செய்தது மாதிரி ஆகிவிட்டது. பேட்டிகளில் அன்று ரசிகர்கள் பேசியதைக் கேளுங்கள், ஆட்ட உத்தியைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ பேசியவர்கள் குறைவு. "எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டான்" என்றுதான் பேசினார்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு, ரசிகர்கள் பலரும் பார்க்க விரும்பாத ஒன்று. லெப்ரான் தன்னை எப்போதும் ஆக்ரன்காரராகத்தான் சொல்லிக்கொண்டார். கிளீவ்லேண்ட்காரர்கள் தங்களைக் கீழாகப் பார்த்தார்கள், சின்ன வயதில் எங்களுக்கு அந்த ஊரைப் பிடிக்காது என்று 2010-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியிலேயே சொன்னார். சிறுவயதில் அவர் ஆதரித்தது சிகாகோ புல்ஸ், டல்லஸ் கவ்பாய்ஸ், நியூயார்க் யாங்கீஸ், எல்லாமே வெளியூர் அணிகள். 2007-இல் கிளீவ்லேண்ட் பேஸ்பால் அணியின் முக்கியமான ஆட்டத்துக்கு யாங்கீஸ் தொப்பி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார், அதுவே அப்போது பெரிய சர்ச்சை. ஆக, நம்ம பையன் என்ற உறவில் ஒரு பாதியை ரசிகர்களே கட்டிக்கொண்டார்கள். அணி நிர்வாகமும் விளம்பரக் கம்பெனிகளும் அந்தக் கட்டுமானத்தை ஏழு வருடம் நன்றாக விற்றுக் காசாக்கின. அப்படி விற்கப்பட்ட உறவை ரசிகன் நம்பினான் என்றால் குற்றம் அவன் மேல் மட்டும் இல்லை என்பது என் கருத்து.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1976-இல் ராபர்ட் சியால்டினியும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். கல்லூரி அணி ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட உடையை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயித்ததைச் சொல்லும்போது "நாம் ஜெயித்தோம்" என்றார்கள், தோற்றால் "அவர்கள் தோற்றார்கள்" என்று சொல்லும் போக்கு தெரிந்தது. அணியின் வெற்றி ரசிகனுடைய சுயமதிப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இது பழைய, நன்றாகத் தாங்கி நிற்கும் சான்று. அப்புறம் 1988-இல் ஹோசே மார்க்கெஸும் சகாக்களும் காட்டியது: ஒரே மாதிரி தப்பைச் செய்தாலும் வெளியாளைவிடச் சொந்தக் கூட்டத்து ஆளை நாம் கடுமையாக மதிப்பிடுகிறோம். இரண்டையும் சேர்த்தால் கிளீவ்லேண்டில் நடந்தது ஓரளவு புரியும். ஆனால் இவை பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள். ஒரு தொழில்முறை அணியை ஐம்பது வருடமாகப் பின்தொடரும் ஆலைத் தொழிலாளிக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது ஊகம்தான். போக்கைச் சொல்லலாம், ஒரு தனி மனிதர் ஏன் தீக்குச்சியைக் கிழித்தார் என்று எந்த ஆய்வும் சொல்லாது.

வேலை மாறுவது போலத்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டப்படியும் அறப்படியும் லெப்ரானுக்குப் போக முழு உரிமை இருந்தது, இதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அந்த உரிமை சும்மா வந்ததும் இல்லை. ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற பெரிய ஆட்டக்காரர் தன் பெயரில் வழக்குப் போட்டு, அது 1976-இல் சமரசமாகி, 1988-இல்தான் ஒப்பந்தம் முடிந்த மூத்த ஆட்டக்காரர்கள் தடையில்லாமல் வேறு அணிக்குப் போகும் நிலை வந்தது. அதற்கு முன் அணிதான் ஆட்டக்காரனின் எஜமான். 18 வயதில் குலுக்கலில் விழுந்த ஊருக்கு ஏழு வருடம் உழைத்தவர், முதல்முறையாகத் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தார். உச்சபட்சச் சம்பளத்தைவிடக் குறைவாகவே வாங்கிக்கொண்டு போனார். பணத்தாசை என்று திட்டியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

அந்த நேரத்தில் மிக மோசமாக நடந்துகொண்டவர் யார் என்று கேட்டால் நான் ரசிகர்களைச் சொல்ல மாட்டேன், அணி உரிமையாளர் டான் கில்பர்ட்டைச் சொல்வேன். அன்று இரவே அணியின் இணையதளத்தில் ஒரு திறந்த கடிதம் போட்டார். கோழைத்தனமான துரோகம் என்று எழுதினார், லெப்ரானுக்கு முன்பு கிளீவ்லேண்ட் கோப்பையை வெல்லும் என்று தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தார். ஜெர்சியைக் கொளுத்திய ரசிகர் தன் காசில் வாங்கியதைத்தான் கொளுத்தினார். கில்பர்ட் கையில் இருந்தது அதிகாரம், அந்த அதிகாரத்தைக் கொண்டு ஒரு நகரத்தின் வருத்தத்தை ஒரு தனி மனிதர் மேல் ஏவிவிட்டார். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அதைக் கண்டித்து, தப்பியோடிய அடிமையைப் பார்க்கும் பார்வை இது என்றார். லீக் கில்பர்ட்டுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. கேவலியர்ஸ் அடுத்த பருவத்தில் 26 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்று, 19 வெற்றியோடு முடித்தது.

கோபத்தில் நிறவெறிக்கும் பங்கு உண்டா என்று வகுப்பில் எப்போதும் ஒரு மாணவர் கேட்பார். சில நேரம் உண்டு என்று லெப்ரானே அந்த வருடம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். பெரும்பாலும் வெள்ளையர்களான உரிமையாளர்கள், பெரும்பாலும் கறுப்பர்களான ஆட்டக்காரர்கள் என்ற அமைப்பில் விசுவாசம் என்ற பேச்சு நிறத்தின் சாயல் இல்லாமல் வராது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் கொளுத்தியவர்களில் கறுப்பின ரசிகர்களும் இருந்தார்கள். எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல என் துறையில் கருவி இல்லை. ஊர் நஷ்டப்பட்டது என்ற வாதம் வேறு வகை. டேனியல் ஷோக், ஸ்டான் வியூகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், லெப்ரான் ஆடும் அரங்கத்தைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குள் உணவகங்களின் எண்ணிக்கை சுமார் 13 சதவீதமும் அவற்றில் வேலைவாய்ப்பு 23 சதவீதத்துக்கு மேலும் கூடியதைக் காட்டினார்கள். பரிமாறுகிற, பாத்திரம் கழுவுகிற வேலைகளுக்கு அது உண்மையான இழப்பு. ஒரு மைலைத் தாண்டினால் விளைவு வேகமாகத் தேய்ந்துவிடுகிறது, எனவே நகரப் பொருளாதாரமே சாய்ந்தது என்பது மிகை.

2010 டிசம்பர் 2 அன்று மயாமி அணியோடு லெப்ரான் கிளீவ்லேண்டில் ஆட வந்தார். பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அரங்கம் முழுக்கக் கூச்சல். அவர் 38 புள்ளி எடுத்தார், மயாமி 28 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. 2011 இறுதிச் சுற்றில் மயாமி டல்லஸிடம் தோற்றபோது ஒஹாயோவில் கொண்டாட்டம், மாநில ஆளுநரே டல்லஸ் வீரர்களைக் கௌரவ ஒஹாயோக்காரர்கள் என்று அறிவித்தார்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. 2014 ஜூலையில் அவர் திரும்பி வருவதாகச் சொன்னது ஒரு பத்திரிகைக் கட்டுரையில். மேடை இல்லை, விழா இல்லை. கோப்பைக்கு உறுதி தர மாட்டேன், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்று எழுதினார். கூச்சலையும் எரிந்த ஜெர்சிகளையும் பார்த்தது தன் மனைவிக்கும் அம்மாவுக்கும் கஷ்டமாக இருந்தது என்றும், கில்பர்ட்டோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டதையும் எழுதினார். 2010-இல் விடுபட்ட மரியாதை அந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாக வந்தது. வடகிழக்கு ஒஹாயோவில் எதுவும் சும்மா கிடைக்காது, உழைத்துத்தான் பெற வேண்டும் என்ற வரியைப் படித்து அழுதவர்கள் உண்டு. 2016 ஜூன் 19 அன்று, மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கிய இறுதித் தொடரை மீட்டு, கோல்டன் ஸ்டேட் அணியை 93-89 என்று வென்றார்கள். 52 வருடக் காத்திருப்பு முடிந்தது. ஊர்வலத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம் என்றார்கள்.

அன்று அவரைக் கொண்டாடியவர்களின் 2010 கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கறை இல்லாத இடத்தில் அந்தக் கோபமே வந்திருக்காது. 2018-இல் அதே லெப்ரான் அதே கிளீவ்லேண்டை விட்டு லாஸ் ஏஞ்சலீஸின் லேக்கர்ஸ் அணிக்குப் போனார். ஒரு சிறிய அறிக்கை, அவ்வளவுதான். எரிப்பு இல்லை, சாபம் இல்லை. அந்த நவம்பரில் லேக்கர்ஸ் ஆட்டக்காரராக வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மனிதர் அவரே, ஊர் அதுவே, போனதும் அப்படியே. மாறியது விதமும், கையில் ஒரு கோப்பை இருந்ததும். இது ஆய்வுக்கூடப் பரிசோதனை இல்லை என்பதால் இரண்டில் எது அதிகம் என்று பிரிக்க முடியவில்லை. டொராண்டோவில் நடந்தது தராசைக் கோப்பையின் பக்கம் சாய்க்கிறது. காவாய் லெனர்ட் என்ற நட்சத்திரம் அங்கே ஒரே பருவம் ஆடி, 2019-இல் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் சொந்தப் பகுதியான தெற்கு கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார். அந்த ஊர் நன்றி சொல்லித்தான் அனுப்பியது.

என் விளக்கத்துக்கு முழுதாக அடங்காத ஒரு சம்பவமும் உண்டு. கெவின் துரான்ட் என்ற இன்னொரு நட்சத்திரம் 2016-இல் ஒக்லஹோமா சிட்டியை விட்டு, சில வாரங்களுக்கு முன் தன் அணியைத் தோற்கடித்த கோல்டன் ஸ்டேட்டிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் வாஷிங்டன் பக்கத்துக்காரர், ஒக்லஹோமாவுக்கு ஊர்ப் பையன் கிடையாது. தொலைக்காட்சி நாடகமும் நடத்தவில்லை, சுருக்கமாக எழுதித்தான் அறிவித்தார். ஆனாலும் அங்கே ஜெர்சிகள் எரிந்தன, அவர் திரும்பி ஆட வந்த இரவில் கூச்சல் காதைப் பிளந்தது. எதிரியோடு சேர்ந்தது ஒரு காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். நான் கூடுதலாகக் கவனிப்பது, ஒக்லஹோமாவுக்கு வேறு பெரிய லீக் அணியே கிடையாது என்பதை. அந்த அணியும் 2008-இல் சியாட்டிலிலிருந்து உரிமையாளர்கள் பெயர்த்துக் கொண்டுவந்தது. 41 வருடம் அந்த அணியை வளர்த்த சியாட்டில் ரசிகர்கள் எரிக்க ஒரு ஜெர்சிகூடத் தேடவில்லை, ஏனென்றால் அவர்களை விட்டுப் போனது ஆட்டக்காரர் இல்லை, உரிமையாளர்கள். துரான்ட்டும் தன் முதல் பருவத்தை ஆடியது அந்தச் சியாட்டிலில்தான்.